பதில் வந்த இலக்கம்

விளக்கமறியல், திருகோணமலை
24 ஒக்டோபர் 2023

இன்ஷிராவுக்கு,

உங்கள் அண்ணன் சஜீத் காக்காவின் ஜனாஸா அடக்கத்துக்கு வருவதற்கு நான் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோதுதான் பொலிஸ் ஜீப் லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்தது. வர முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கும் இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

உங்கள் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் வாசிக்கக் கேட்டேன். பதினேழாந் திகதி பின்னேரம் மூன்றரைக்கு நான் எச்சரிக்கை அறைக் கணினியில் வேலை செய்தேன், பிறகு தேநீர் குடிக்க வெளியே போனேன். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு, கடும் காற்று வரப்போகிறது என்று தொலைபேசியில் அறிவித்தல் வந்தது, அதைக் கரையோர ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப உங்களால் முடியவில்லை. நான் திரும்பி வந்து கூரையில் ஏறி இறங்கியதும் எல்லாம் வேலை செய்தது. அதற்குள் சஜீத்தின் படகு இறக்கக்கண்டிக் கரையை விட்டுப் போய்க் காற்றில் அகப்பட்டுவிட்டது. இவ்வளவும் உண்மை. ஆனால் கடைசியில், “அவர்தான் கழட்டினவர், அதுதான் அவருக்குப் பூட்டத் தெரிஞ்சது” என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்து வருஷம் பக்கத்து மேசையில் இருந்துவிட்டு இதைச் சொல்ல உங்களுக்கு மனம் வந்தது.

கூரை அன்டெனா பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று முகாமையாளர் தனஞ்சயனோடு நான் மூன்று மாதமாகச் சண்டை பிடித்தது எல்லோருக்கும் தெரியும். “ஒரு நாளைக்கு இது விழும், அண்டைக்குத்தான் உங்களுக்கு விளங்கும்” என்று கத்தியதும் உண்மை. நான் சொன்னதை நிரூபிக்க நானே தொடர்பைத் துண்டித்தேனாம். வழக்கு அதுதான்.

திரையில் ‘சென்றடைய முடியவில்லை’ என்று வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது வரியின் வால். தலையை விட்டுவிட்டீர்கள். முழு வரியும் உங்கள் கொப்பியில் இருக்கும். எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் ஒரு புள்ளியும் விடாமல் நேரத்தோடு கொப்பியில் எழுத வேண்டும் என்று அந்த அறையில் சட்டம் போட்டவனே நான்தான். பொலிசுக்கு அப்படியொரு கொப்பி இருப்பது தெரியாது.

வழக்குக்கு அடுத்த தவணை நவம்பர் மூன்று. வரியை எழுதி என் மனைவி நிரோஷினியிடம் கொடுங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஆங்கிலமாக இருந்தால் இங்கே கடிதம் பார்க்கிறவர் அதை இரகசியச் செய்தி என்று நினைத்துவிடுவார்.

றெக்சன்


இறக்கக்கண்டி
28 ஒக்டோபர் 2023

திரு. றெக்சன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி வெயிலில் கேற்றடியில் நின்றா. உம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. நான்தான் போய்க் கடிதத்தை வாங்கினேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

காக்காவின் மனைவி சுஹைரா மச்சி உள் அறையில் இருக்கிறா. பிள்ளைகள் இரண்டும் வாப்பா எப்போது வருவார் என்று அந்தக் கதவடியில் நின்று கேட்கின்றன. இந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு வரி கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள்.

நான் காக்காவின் போனுக்கு ஆறு தரம் எடுத்தேன். தண்ணீர் படாமல் இருக்க அவர் போனைப் பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி இறுக்கிவிடுவார். கரையில் நிற்கும்போது ஒலிபெருக்கி ஒன்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். படகைத் தள்ளியது நாலு இருபதுக்கு என்று கூட நின்றவர்கள் சொல்கிறார்கள். நம்முடைய எச்சரிக்கை போனது நாலு முப்பத்தைந்துக்கு. அந்தப் பதினைந்து நிமிஷம் கிடைத்திருந்தால் அவர் இன்றைக்குக் குசினியில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நீங்கள் கூரையால் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். “சரியாக்கிப்போட்டன் தங்கச்சி. நான் சொன்னனான்தானே, அன்டெனாதான்” என்றீர்கள். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. பொலிசில் நான் சொன்னது அதை நினைத்துத்தான். ஏன் சொன்னேன் என்று இனிக் கேட்காதீர்கள்.

முடியவில்லை என்றால் முடியவில்லைதானே? அதில் தலை என்ன, வால் என்ன?

மு. இன்ஷிரா


விளக்கமறியல், திருகோணமலை
1 நவம்பர் 2023

இன்ஷிராவுக்கு,

கேட்டீர்களே, சொல்கிறேன். கோபத்தைக் கொஞ்சம் ஒருபக்கம் வைத்துவிட்டு வாசியுங்கள்.

நிரோஷினியை ஒரு கடிதத்தோடு மூதூருக்கு அனுப்புகிறேன் என்று வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, “எங்கட வீட்டுக் கேற்றே திறக்குதில்லை, றோட்டுக்கு இறங்க ஏலாது” என்கிறா. இது ஒரு பதில். இல்லாவிட்டால் இறங்குதுறை வரைக்கும் போகிறா, அங்கே இருக்கிறவர், “இண்டைக்குப் போட் இல்லை” என்று சொல்லி அனுப்புகிறார். இது இன்னொரு பதில். இரண்டிலும் கடிதம் மூதூருக்குப் போகவில்லை. ஆனால் பதிலைச் சொன்னது யார் என்று பார்த்தால் எந்த இடத்தில் தடை என்று தெரிந்துவிடும். மூன்றாவது, போனவ வரவே இல்லை. எங்கே மாட்டினா என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் கணினி ‘றிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று சொல்லும்.

உங்கள் திரையில் வந்தது மூன்றாவது அல்ல. யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். வரியின் தலையில் ‘றிப்ளை ஃப்ரொம்’ என்று எழுதி ஒரு இலக்கம் இருக்கும். சொன்னவரின் விலாசம் அது. உங்கள் கணினிக்கு நான் கையால் கொடுத்த விலாசத்தின் கடைசி இலக்கம் இருபத்துநாலு. கூரையில் அன்டெனாவோடு இருக்கிற பெட்டிக்கு ஒன்று. ஒன்று என்று இருந்தால் உங்கள் செய்தி கூரைப் பெட்டி வரைக்கும் ஒழுங்காகப் போய், அதற்கு அப்பால் அன்டெனாவில் நின்றிருக்கிறது. இருபத்துநாலு என்று இருந்தால் உங்கள் கணினியே பதில் சொல்லியிருக்கிறது, செய்தி கூரைப் பெட்டிக்கே போய்ச் சேரவில்லை. மேசைக்கும் கூரைக்கும் நடுவில் அறுந்திருக்கிறது.

அந்த இலக்கம் ஒன்றாகத்தான் இருக்கும். எந்தச் சத்தியமும் செய்வேன். அன்டெனாவைக் காற்றுத் திருப்பியிருக்கிறது, நான் ஏறி நேராக்கினேன், வேலை செய்தது. பழுது வந்தபோது நான் கூரைப் பக்கமே போகவில்லை என்று உங்களுக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும். அந்த ஒரு இலக்கம் என்னை வெளியே விடும்.

உங்கள் உம்மா நிரோஷினிக்குச் செய்ததற்கும் கணினியில் ஒரு பெயர் உண்டு. ‘கனெக்ஷன் றிஃபியூஸ்ட்’. வீடு இருக்கிறது, ஆளும் இருக்கிறது, கதவு மட்டும் திறக்காது. நிரோஷினி மனம் நொந்தாலும் குறை சொல்லவில்லை. உங்கள் உம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

கொப்பியைத் திறவுங்கள்.

றெக்சன்


இறக்கக்கண்டி
9 நவம்பர் 2023

திரு. றெக்சன் அவர்களுக்கு,

மூன்றாந் திகதி உங்களுக்குப் பிணை கிடைக்கவில்லை என்று உங்கள் மனைவி சொன்னா. இந்த முறை உள்ளே வந்து கதிரையில் இருந்தா. உம்மா தேநீர் கொடுத்தா.

கொப்பி கிடைக்கவில்லை. லாச்சியை இழுத்துப் பார்த்தேன், மேசையில் பார்த்தேன். அன்றைக்கு இருந்த குழப்பத்தில் யார் எடுத்தார்களோ தெரியாது. நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரமும், நீங்கள் வந்து நாலு பதினாலுக்குச் சோதனைக் கட்டளையை ஓடவிட்டபோது ஒரு தரமும் எழுதியது ஞாபகம் இருக்கிறது. இலக்கம் ஞாபகம் இல்லை.

நீங்கள் எழுதியது நிச்சயம்தானா? அன்டெனாவில் பிழை என்றால் ஒன்று, மேசைக்குப் பின்னால் வயர் கழன்றிருந்தால் இருபத்துநாலு, வேறுவிதமாக வரவே வராதா? சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

இனிக் கடிதம் எழுத வேண்டாம். வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்.

மு. இன்ஷிரா


விளக்கமறியல், திருகோணமலை
12 நவம்பர் 2023

இன்ஷிரா,

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. நேரம் நிமிஷத்தோடு ஞாபகம் இருக்கிறதாம், இலக்கம் மட்டும் மறந்துவிட்டதாம். கொப்பி உங்களிடம்தான் இருக்கிறது.

அதைவிட இன்னொன்று. மேசைக்கும் கூரைக்கும் நடுவில் என்றுதான் நான் எழுதினேன். அது சுவராக இருக்கலாம், முகடாக இருக்கலாம், எலி கடித்த இடமாக இருக்கலாம். மேசைக்குப் பின்னால் வயர் கழன்றது என்று நான் எழுதவில்லை. அதை உங்களுக்கு யார் சொன்னது?

அப்படியானால் கொப்பியில் இருப்பது இருபத்துநாலு. உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இருபத்துநாலும் மேசைக்குப் பின்னால் கழன்ற வயரும் என்றால் பிழை அந்த அறைக்குள் நடந்திருக்கிறது. அன்றைக்கு அறைக்குள் இருந்தது இரண்டே பேர். மூன்றரைக்கு அந்தக் கணினியில் கை வைத்தவன் நான். நீங்கள் வாய் திறக்காமல் கொப்பி மட்டும் நீதிமன்றத்துக்கு வந்தால் அது என்னை இன்னும் இறுக்கித்தான் கட்டும். வராமல் விட்டாலும் நான் உள்ளேதான். என் நிலைமை விளங்குகிறதா?

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எந்த வயரையும் தொடவில்லை. பதினேழாந் திகதி மறுபடி தவணை. அதற்குள் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொப்பியைத் தேடி உங்கள் வீட்டுக்குப் பொலிசை அனுப்பச் சொல்லி என் சட்டத்தரணி கேட்பார். சஜீத்தின் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் பொலிஸ் வருவது எனக்கும் விருப்பமில்லை. ஆனால் கேட்பேன்.

றெக்சன்


இறக்கக்கண்டி
15 நவம்பர் 2023

றெக்சன் அண்ணா,

கொப்பி என் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் இருக்கிறது. முதல் நாளே அங்கே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. நீங்கள் கேட்ட வரி இதுதான்.

நாலு ஆறு: ‘றிப்ளை ஃப்ரொம் 192.168.8.24: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்றீச்சபிள்.’ நாலு தரம்.

நாலு பதினாலு: அதே வரி, அதே இலக்கம். நாலு தரம்.

உங்கள் விளக்கத்தை வாசித்த பிறகு ஐந்தாந் திகதி ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போனேன். கூரையில் இருந்து வருகிற நீல வயரை மேசைக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெட்டியில் இருந்து கழட்டிவிட்டுக் கட்டளையை ஓடவிட்டேன். இருபத்துநாலு வந்தது. அதைப் பூட்டிவிட்டுக் கூரைக்கு ஏறி அன்டெனாவைக் கழட்டி, திரும்பவும் ஓடவிட்டேன். ஒன்று வந்தது. மூன்று தரம் மாறி மாறிச் செய்தேன். கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத்தான் கொஞ்சம் தெரியும் என்று நினைத்தேன்.

பதினேழாந் திகதி மூன்று நாற்பத்தைந்துக்கு இடி முழங்கியது. எங்கள் வீட்டில் இடி கேட்டால் முதலில் டிவி, பிறகு பிரிஜ், பிறகு அன்டெனா வயர், எல்லாவற்றையும் கழட்டிவிட வேண்டும். வாப்பா வாங்கிய முதல் டிவி மின்னலில் எரிந்த நாளில் இருந்து உம்மா அப்படித்தான் பழக்கியிருக்கிறா. நான் அறையிலும் அதைத்தான் செய்தேன். கணினியை நிறுத்தி, பிளக் எல்லாம் இழுத்து, நீல வயரையும் இழுத்துவிட்டேன். நாலு மணிக்குச் சத்தம் ஓய்ந்தது. எல்லாவற்றையும் பூட்டினேன். நீல வயர் மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, என் கண்ணில் படவில்லை.

நீங்கள் கூரையில் நின்றபோது மறுபடி முழங்கியது. நீங்கள் மேலே நிற்கிறீர்களே என்று பயந்து அந்தச் சின்னப் பெட்டியின் வயர்களைத் திரும்பவும் இழுத்தேன். பிறகு பூட்டும்போது நீல வயர் கையில் பட்டது, அதையும் பூட்டினேன். நீங்கள் இறங்கி வந்தீர்கள். வேலை செய்தது. நீங்கள் சரியாக்கினீர்கள் என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன். வயரைக் கழட்டினாயா என்று யாராவது கேட்டிருந்தால்கூட இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது ஒரு வேலையாகவே என் மனதில் பதியவில்லை.

என் காக்காவின் உயிர் என் கையால் போனது. எழுதிவிட்டேன். வாயால் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இனி நான் ஒன்று கேட்கிறேன், அண்ணா. கூரையில் என்றால் ஒன்று, அறையில் என்றால் இருபத்துநாலு என்று எனக்கு எவ்வளவு அழகாக எழுதினீர்கள். நாலு பதினாலுக்கு அந்த இருபத்துநாலு உங்கள் முகத்துக்கு நேரே நாலு தரம் வந்தது. மேசைக்குப் பின்னால் கையை விட்டிருந்தால் நாலு பதினைந்துக்குச் சரியாகியிருக்கும். காக்கா நாலு இருபது வரைக்கும் கரையில் நின்றார். நீங்கள் ஏன் கூரைக்கு ஏறினீர்கள்?

நாளை மறுநாள் கொப்பியோடு நீதிமன்றத்துக்கு வருகிறேன். நீங்கள் என்ன பதில் எழுதினாலும், எழுதாமல் விட்டாலும் வருவேன்.

இன்ஷிரா


விளக்கமறியல், திருகோணமலை
16 நவம்பர் 2023

தங்கச்சி இன்ஷிரா,

நான் அந்த இலக்கத்தை வாசிக்கவில்லை.

இதற்கு மேல் எழுத வேறொன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் திரையைப் பார்த்தேன். ‘அன்றீச்சபிள்’ என்ற சொல்லைக் கண்டேன். கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அன்டெனா விழுந்துவிட்டது, இன்றைக்குத் தனஞ்சயனுக்கு முகத்தில் அடித்தமாதிரிக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். எச்சரிக்கை போகவில்லை, கடற்கரையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற எண்ணம் இரண்டாவதாகத்தான் வந்தது. வரியின் தலையில் என்ன இலக்கம் என்று பார்க்க எனக்குத் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது.

பதினாறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே, முழு வரியையும் வாசி, வாலைப் பார்த்து ஓடாதே என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான். உங்களை வாலை மட்டும் சொன்னீர்கள் என்று முதல் கடிதத்தில் திட்டினேன். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினவனும் நான்தான். நீங்கள் கண்ட சிரிப்பு அதுதான். நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற சிரிப்பு. அந்த நேரத்தில் சஜீத் கடலில் இருந்திருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்ததும் சட்டத்தரணியிடம் சொன்னேன். கொப்பியும் இன்ஷிராவின் வாக்குமூலமும் போதும், உன்னை விட்டுவிடுவார்கள், நீ வாயைத் திறக்காதே என்றார். அவர் சொன்னது நடக்கும். நான் பேசாமல் வெளியே போகலாம், முழுப் பழியும் உங்கள் தலையில் வந்து விழும். ஒரு மணித்தியாலம் அப்படித்தான் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வயர் கழன்றது உங்கள் கையால். ஆனால் நாலு பதினாலில் இருந்து நாலு இருபது வரைக்கும் உள்ள ஆறு நிமிஷம் என்னுடையது. கொப்பியோடு இந்தக் கடிதத்தையும் நீதவானிடம் கொடுங்கள். என் கையெழுத்துத்தான் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

றெக்சன் அண்ணா


இறக்கக்கண்டி
21 நவம்பர் 2023

றெக்சன் அண்ணா,

நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று நிரோஷினி அக்கா போன் எடுத்தா. உங்களோடு கதைக்கக் கேட்டா, நான் வேண்டாம் என்றேன். குரலில் கதைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொலிசில் புதிதாக வாக்குமூலம் எடுத்தார்கள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. வழக்கு என் பக்கம் திரும்புமா, இருவர் பக்கமும் திரும்புமா, அல்லது விபத்து என்று முடியுமா தெரியாது. உங்கள் கடிதத்தை நீதவான் இரண்டு தரம் வாசித்தார். கூட்டத்தில் யாரோ, “வெளிய போற நேரத்தில இந்தாளுக்கு என்ன பைத்தியமா?” என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

மச்சிக்குச் சொன்னேன். நீதிமன்றத்தில் இருந்து வந்த கையோடு, அபாயாவைக்கூடக் கழட்டாமல் உள் அறைக்குப் போய், எடுத்து வைத்திருந்த என் கடிதத்தின் பிரதியையும் உங்கள் கடிதத்தின் பிரதியையும் அவவுக்கு முன்னால் இருந்து வாசித்தேன். உம்மா வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதா. அன்றில் இருந்து உம்மா எனக்குச் சோறு போடுகிறா, முகத்தைப் பார்க்கிறதில்லை.

மச்சி நேற்றுக் காலையில் கூப்பிட்டா. கடிதங்களைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். பிறகு சொன்னா:

“நீ கழட்டினாய். அவர் பார்க்கல்ல. ரெண்டு பேரும் கோட்டில சொல்லிட்டீங்க, கடதாசியில எழுதிட்டீங்க. என்ட புள்ளையளுக்கு யாரு சொன்ன? நாளைக்கு ஊருல நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க. அதுக்கு முந்தி நீங்க சொல்லோணும். எனக்கு இத்தா முடியட்டும். இப்ப வெளி ஆம்பிளைக்கு முன்னால நான் வர ஏலாது. முடிஞ்சாப் பிறகு அந்த மனிசனை வரச்சொல்லு. நீயும் அவரும் என்ட ரெண்டு புள்ளைக்கும் முன்னால ஒண்டா இருந்து சொல்லுங்க. நானும் பக்கத்துல இருப்பன்.”

மன்னித்தேன் என்று அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கணவன் மௌத்தானால் பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். மச்சியின் இத்தா பெப்ரவரி இருபத்திரண்டில் முடிகிறது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மூன்று மணிபோல வாருங்கள். நிரோஷினி அக்காவையும் கூட்டிக்கொண்டு வரலாம். நான் கேற்றடியில் நிற்பேன்.

சின்னவளுக்கு நாலு வயது, அவளுக்கு விளங்காது. மூத்தவனுக்கு ஏழு. நாங்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்பான்.

இன்ஷிரா